கதவடிப் பையும் அரிசி வாளியும்

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் வாசற்கதவுக்குப் பின்னால் நீலநிறத் துணிப்பையொன்று ஆணியில் தொங்குகிறது. அது அம்மாவின் பை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகளின் பிரதிகள், வீட்டு உறுதி, வங்கிப் புத்தகங்கள், மருந்துச் சீட்டுகள், இரண்டு சோடி உடுப்பு, ஒரு டோர்ச், கொஞ்சம் சில்லறைக் காசு ஆகியவை தடித்த பொலித்தீன் உறைகளில் சுற்றப்பட்டு அதற்குள் இருக்கின்றன. குசினியில், வெயில் படாத மூலையில், மூடி இறுக்கிய மூன்று வெள்ளை வாளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவை மாமியின் வாளிகள். ஒன்றில் புழுங்கல் அரிசி, இன்னொன்றில் மைசூர்ப் பருப்பும் கடலையும், மேலே இருப்பதில் சீனி, உப்பு, செத்தல் மிளகாய், நெத்தலிக் கருவாடு. அம்மாவும் மாமியும் ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் இருவரும் மனம் நோகப் பேசிக்கொண்ட விடயம் ஒன்றே ஒன்றுதான். அது இந்த வாளிகளைப் பற்றியது.

"தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமானை ஏன் பிள்ளை சேர்க்கிறாய்?" என்று அம்மா என்னிடம் கேட்பார். கேள்வி எனக்கானதென்றாலும் மாமியின் காதில் விழவேண்டும் என்பதற்காகவே கேட்கப்படும். மாமி உடனே பதில் சொல்லமாட்டார். அடுத்த நாள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருக்கும்போது, "வீட்டிலை ஒரு நேரத்து அரிசி இல்லாமல் இருந்து பார்த்தவைக்குத் தெரியும்" என்று சுளகிடம் சொல்வதுபோலச் சொல்வார். இந்த இரு வசனங்களுக்கும் நடுவில் நான் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தேன். இரண்டும் சரியென்றே பட்டது. ஆனால் ஒரே வீட்டுக்குள் இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது மட்டும் விளங்காமல் இருந்தது.

அம்மாவின் பை 1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் பிறந்தது. அப்போது அவர் பம்பலப்பிட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். முந்திய கிழமைதான் சாமான் வாங்கி நிரப்பியிருந்தாராம். அயல்வீட்டு மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது, தம் வீட்டு அரிசி மூட்டை தீயும் மணம் தனியாகத் தெரிந்ததென்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். சோறு அடிப்பிடித்தால் இன்றைக்கும் அவர் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். இந்துக் கல்லூரி முகாமில் சில நாட்கள், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். கையில் ஒரு கடதாசியும் இருக்கவில்லை. தான் யார், எங்கே பிறந்தவர் என்பதை அலுவலகங்களுக்கு நிரூபிக்க அவருக்கு ஆண்டுக்கணக்காயிற்று. அதனால் அவருடைய ஆயத்தம் முழுவதும் வாசலைப் பார்த்தே இருக்கிறது.

மாமியின் வாளிகள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து வந்தவை. 1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். மண்ணெண்ணெயும் மின்கலமும் சவர்க்காரமும் பொன்போல இருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் இரவு முழுவதும் எரியும் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அங்கே ஆயத்தம் என்றால் இருந்த இடத்தில் இருந்து தாக்குப்பிடிப்பது. ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய் என்று ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றைக் காயவைத்து அடுத்த பருவத்துக்கு ஒப்படைக்கும் அறிவு அந்த வீடுகளில் முன்பே இருந்தது. தடைக்காலம் அதை உயிர் காக்கும் தொழிலாக்கியது.

நிறைந்த வாளியும் எரியாத அடுப்பும்

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது மாமியின் பக்கமே வென்றதாக நான் நினைத்தேன். கொழும்பில் அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. மரக்கறி வான் எப்போது வரும் என்று பல்கனியில் நின்று பார்த்த அந்த வாரங்களில், வீட்டில் அரிசி இருக்கிறது என்பது எங்களுக்கு நித்திரையைத் தந்தது. அம்மாகூட அந்த நாட்களில் வாளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தபோது வாளிகள் நிறைந்திருந்தும் வீடு பசித்தது. மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு வீதியோரத்தில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு மக்கள் காத்திருந்த நாட்கள் அவை. எங்கள் சிலிண்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்ந்தது. மின்சார அடுப்புக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தொடர்மாடியின் நிலக்கீழ்த் தாங்கியிலிருந்து மேல்தாங்கிக்கு நீரை ஏற்றும் மோட்டாரும் மின்சாரத்தில் ஓடுவது. மாலையில் குழாய் காற்றை மட்டும் விட்டது. இருபது கிலோ அரிசிக்குப் பக்கத்தில், கழுவத் தண்ணீரும் அவிக்க நெருப்பும் இல்லாமல், ஐந்து பேர் கிறீம் கிராக்கர் பிஸ்கட் தின்றோம்.

அன்றைக்குத்தான் சேமிப்பு என்ற சொல்லுக்குள் நான் எவற்றையெல்லாம் சேர்க்காமல் விட்டிருந்தேன் என்பது தெரிந்தது. அரிசியை எண்ணியிருந்தேன்; அதை அவிக்கும் நெருப்பை எண்ணவில்லை. மைசூர்ப் பருப்பு பதினைந்து நிமிடத்தில் அவிந்துவிடும். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்தும் பிரஷர் குக்கர் வேண்டும். விலையும் சத்தும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம், எரிபொருள் கணக்கில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். அடுத்த மாதங்களில் நாங்கள் சோற்றைக் கொதிவந்து சில நிமிடங்களில் இறக்கி, மூடியை அழுத்தி, பழைய போர்வைகளில் பானையைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, அந்தச் சூட்டிலேயே அவியவிடப் பழகினோம். கீழ்த்தளத்துக் குடும்பம் சிரட்டைக்கரி அடுப்பைக் குசினிக்குள் மூட்டப் பார்த்தபோது மாமி ஓடிப்போய் தடுத்தார். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளை நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். பிறகு எல்லோரும் வாகனத் தரிப்பிடத்தின் திறந்த மூலையில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். குடிக்கவும் சமைக்கவும் முகம் கழுவவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் என்று குறைத்து எடுத்தாலும், ஐந்து பேருக்கு மூன்று நாட்களுக்கு அறுபது லீற்றர் வேண்டும். அறுபது லீற்றர் என்றால் அறுபது கிலோ. அதை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கும் நீரையே இந்த நகரத்தில் பெரும்பாலானோர் குடிக்கிறோம். அந்தக் கங்கை பெருகினாலும் வற்றினாலும் நம் குழாய்க்குத் தெரியும். இப்போது எங்கள் குளியலறையில் மூடியுள்ள இரண்டு பெரிய கலன்களும், குசினியில் ஐந்து லீற்றர்ப் போத்தல்கள் ஆறும் நிரம்பியே இருக்கின்றன. குடிநீரை மாதம் ஒருமுறை மாற்றி, பழைய நீரை வீடு கழுவப் பாவிக்கிறோம்.

வாளிக்குள் நடப்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கொழும்பின் காற்று சேமிப்புக்கு எதிரி. யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்து நின்ற சாமான் இங்கே மூன்று மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. கடற்காற்றில் டின்மீனின் அடிவிளிம்பு துருப்பிடிக்கிறது. அரிசி வண்டு வெளியிலிருந்து வருவதாக நான் நினைத்திருந்தேன். அது அரிசிமணிக்குள்ளேயே முட்டையாக வீட்டுக்கு வருகிறது. செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் அதை விரட்டலாமே ஒழிய முட்டையைக் கொல்லாது. ஆகவே புதிதாக வாங்கும் அரிசியைச் சிறு பொதிகளாக்கி நான்கைந்து நாட்கள் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஈரம் துடைத்து வாளியில் போடுகிறோம். மாமி மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயவைப்பதையும் விடவில்லை; காய்ந்தது ஆறிய பிறகே மூடவேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பழுதாகும் என்பது அவருடைய கண்டிப்பு. தவிடு நீக்காத சிவப்புப் பச்சை அரிசி உடலுக்கு நல்லதென்று நான் வாங்கி வைத்த பத்துக் கிலோ, தவிட்டிலுள்ள எண்ணெய் காறி மணத்துப் போயிற்று. அதைச் சிறிதளவில் வாங்கி உடனுக்குடன் சமைக்கவேண்டும். நாள்பட நிற்பது நன்றாகத் தீட்டிய அரிசி. வீட்டார் வழக்கமாக உண்ணாத எதையும் சேமிக்கக்கூடாது என்பதையும் அப்போதுதான் உறுதியாக முடிவெடுத்தோம். பழையது மேலே வரவேண்டும், புதியது அடியில் போகவேண்டும், வாளி ஒவ்வொரு மாதமும் அசையவேண்டும்.

பதுக்கல் என்ற சொல்

இதற்கிடையில் இன்னொரு முள் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. 2021 ஓகஸ்ட் முடிவில் அத்தியாவசிய உணவுப்பொருள் விநியோகத்துக்கென அவசரகால விதிகள் வந்தன. சீனிக் களஞ்சியங்கள் முத்திரையிடப்பட்ட செய்திகள் வந்தன. பதுக்கல் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த நாட்களில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு மின்தூக்கியில் ஏறும்போது அயலவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் பருப்பு நூறு கிராமாக, பால்மா சிறு பைக்கற்றாக அன்றன்றைக்கே வாங்கப்படுகிறது. நாட்கூலியில் ஓடும் வீட்டிடம் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துவை என்று சொல்வது அறிவுரையே அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது அந்த வீடுகள் ஒரு நேரத்தைக் குறைத்தன. வாளி உள்ளவர்கள் நாம் எதைக் குறைத்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

நெடுநாள் யோசித்து நான் வந்துசேர்ந்த இடம் இது: சேமிப்பையும் பதுக்கலையும் பிரிப்பது அளவைவிட, வாங்கும் காலம். பெரும்போக அறுவடை முடிந்து சந்தையில் அரிசி நிறைந்திருக்கும் மாசி, பங்குனியில் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மூட்டை வாங்கினால் யாருடைய தட்டும் குறையாது. தட்டுப்பாடு என்ற செய்தி வந்த அன்று அதே மூட்டையை வாங்கினால், பின்னால் நிற்கும் ஒருவரின் பங்கை நான் எடுக்கிறேன். ஆகவே வீட்டில் இருப்பு உள்ளவர்கள் வரிசை நாட்களில் வரிசைக்குப் போகக்கூடாது. சேமித்து வைப்பதற்கான நியாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நெருக்கடியின் முதல் இரண்டு வாரம் கடைத்தட்டைத் தேவைப்பட்டவருக்கு விட்டுக்கொடுக்க முடிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை

2025 நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயல் நாட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. மலையகத்தில் மண் சரிந்துகொண்டிருந்தது. களனியின் மேற்பகுதியில் பெய்த மழையெல்லாம் கொழும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. என் தங்கை வெல்லம்பிட்டியில் இருக்கிறாள். 2016 மே மாத வெள்ளத்தைக் கண்ட வீதி அது. நீர் வரப்போகிறது, வெளியேறுங்கள் என்ற அறிவித்தலைக் கேட்டுவிட்டு அவள் என்னை அழைத்தாள். குரல் நடுங்கியது. "அக்கா, என்னத்தை எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் இதைப்பற்றியே யோசித்தவள், ஒரு பட்டியலைச் சொல்ல முடியாமல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தொலைபேசியை வாங்கினார். பத்திரங்கள் எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கும் என்று தங்கையின் வீட்டைத் தன் கண்ணால் பார்ப்பதுபோலச் சொன்னார். பிள்ளைகளின் மருந்து, மூக்குக்கண்ணாடி, தொலைபேசி மின்னேற்றி, மாற்றுடுப்பு. மின்சாரத்தின் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் புறப்படச் சொன்னார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் மனதுக்குள் செய்து பார்த்த வேலையை அவர் அன்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு மாமி கையை நீட்டினார். "பிள்ளை, அரிசியை விடு. அவல், சீனி, பேரீச்சம்பழம், வறுத்த மா இருந்தால் அதை எடு. நெருப்பில்லாமல் தின்னக்கூடியது மட்டும். வழியிலை எவ்வளவு நேரம் நிக்க வேண்டி வருமோ தெரியாது" என்றார்.

வாளிக்காரர் என்று நான் பெயரிட்டு வைத்திருந்த மாமி இதை எங்கிருந்து அறிந்தார் என்பதை அன்றிரவுதான் கேட்டேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்து எழுந்து நடந்த இரவில், கொக்குவில் வீட்டில் நிரப்பி வைத்த நெல்லையும் ஒடியலையும் அப்படியே விட்டுவிட்டு, ஒரு சிறு கடகத்தில் வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும் மட்டும் எடுத்தாராம். செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடக்க, மழையில், அடிமேல் அடி வைத்து நகர்ந்த கூட்டத்தில், பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பிடியாக அந்த மாவைக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்லி முடித்த பிறகு அம்மா தன் பாட்டில் பேசத் தொடங்கினார். 1983இல் காங்கேசன்துறையில் இறங்கி, உரும்பிராயில் தூரத்து உறவான ஒரு பெரியம்மா வீட்டுக்கு வெறுங்கையோடு போனாராம். அந்த வீட்டுக் கொம்பறையில் நெல் இருந்தது. நான்கு மாதம் அந்த நெல்லில்தான் உண்டார்கள். "அவ ஒருநாளும் அளந்து போடேல்லை" என்றார் அம்மா. மாமி அவரைப் பார்த்தார். அந்தப் பெரியம்மாவைப்போலத் தானும் அந்த ஆண்டு கப்பலில் வந்த ஒரு குடும்பத்தை வைத்திருந்ததாகச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையும் வாளியும் ஒன்றையொன்று மறுப்பவையென நான் எண்ணியிருந்தேன். பையோடு புறப்படுகிறவர் போய்ச்சேருவதற்கு எங்கோ ஒரு வீட்டில் வாளி நிறைந்திருக்க வேண்டும். 83இல் அம்மா பை, உரும்பிராய்ப் பெரியம்மா வாளி. 95இல் மாமி கடகத்தோடு நடந்தார், பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் வீடு ஐந்து குடும்பங்களுக்கு உலை வைத்தது. அன்றைய வெள்ளிக்கிழமை தங்கை பையோடு வந்துகொண்டிருந்தாள், நாங்கள் வாளியாக இருந்தோம். அடுத்த முறை யார் எதுவாக இருப்போம் என்பது நம் கையில் இல்லை.

இரவு பத்து மணிக்குத் தங்கையும் அவளுடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் முச்சக்கரவண்டியில் நனைந்து வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு நாட்கள் எங்களோடு இருந்தார்கள். என் கணக்கு ஆளுக்கு முந்நூறு கிராம் அரிசி, ஐந்து பேர், பதினான்கு நாள், இருபத்தொரு கிலோ என்று எழுதி வாளி மூடியில் ஒட்டியிருந்தது. ஒன்பது வாய்க்கு அது எட்டு நாளில் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. மாமி என் கணக்குக்கு மேல் தன் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இரண்டு கிலோ கூடுதலாகப் போட்டு வந்திருக்கிறார்; கேட்டபோது, "வாறவைக்கு" என்று ஒரு சொல்லில் முடித்தார். எந்த வழிகாட்டியும் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையை எழுது என்றே தொடங்குகிறது. நம் வீடுகளில் ஆபத்து வந்த அன்று அந்த எண்ணிக்கை மாறிவிடுகிறது என்பதை மாமி எழுதாமலே அறிந்திருந்தார். வெள்ளவத்தைக் கடைகள் திறந்தே இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் பட்டினியின் விளிம்பில் இருக்கவில்லை. ஆனால் மலைநாட்டுப் பாதைகள் உடைந்து நுவரெலியா மரக்கறி வராமல் விலை ஏறிய நாட்களில், பருப்பும் கருவாடும் வடகமும் ஒன்பது தட்டுகளை நிரப்பின.

வெள்ளம் வடிந்தபின் வெல்லம்பிட்டி வீட்டைக் கழுவப் போனோம். தங்கையின் சாமான் அலுமாரி தரையோடு இருந்தது. மூட்டையில் இருந்தவை அழுகியிருந்தன. திருகுமூடிப் போத்தல்கள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மலக்குழி நீர் கலந்த வெள்ளம் மூடியின் மரைக்குள் புகுந்திருக்கும் என்பதால் அவற்றையும் எறிந்தோம். நசியாத, உப்பாத டின்களை மட்டும் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளோரின் கலந்த நீரில் தோய்த்து எடுத்தோம். உறைக் கடதாசி கழன்றுவிட்டதால் எது மீன், எது பால் என்று தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டு டின்களில் பெயரையும் முடிவுத் திகதியையும் அழியாத மையால் தகரத்திலேயே எழுதுகிறேன். தங்கையின் புதிய தட்டுகள் ஜன்னலுக்கு மேல் உயரத்தில் அடிக்கப்பட்டுள்ளன.

போன கிழமை அம்மா பையை இறக்கிப் பிரித்து அடுக்கினார். மாமி பக்கத்தில் அமர்ந்து ஒரு பைக்கற் அவல், வறுத்த மா, பேரீச்சம்பழம், இரண்டு டின் மீன், ஒரு போத்தல் தண்ணீர் என்று எடுத்துக் கொடுத்தார். நிறுத்துப் பார்த்தோம், ஏழரைக் கிலோ. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மின்தூக்கியை விட்டுவிட்டு, மூன்று மாடிகளையும் படியால் இறங்கி, மறுபடி ஏறி வந்தார். வாசலில் மூச்சு வாங்க நின்று, "பாரம்" என்றார். மாமி எழுந்துபோய் ஒரு மீன் டின்னை வெளியே எடுத்து, குசினிக்குக் கொண்டுபோய் வாளிக்குள் வைத்தார்.